கிராக்கூவ் வரிசையில் எண் இரண்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் எழுத்தை எழுதியது நான் இல்லை. ஒரு பெரியவர், என் புறங்கையில், கறுப்பு மார்க்கரால் எழுதினார்.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை. கிராக்கூவில் ஒரு பெரிய அரங்கத்துக்கு எதிரே டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். அரங்கத்து வாசலிலிருந்து கிளம்பிய வரிசை ஒன்று வளைந்து நெளிந்து டிராம் நிறுத்தம் வரைக்கும் வந்திருந்தது. அதன் வால் எங்கே முடிகிறது, டிராமுக்கு நிற்பவர்கள் எங்கே தொடங்குகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. வழுக்கைத் தலை, பழுப்பு ஜாக்கெட், கையில் அட்டையில் செருகிய தாள்களுடன் ஒருவர் வந்தார்.

"கையை நீட்டு."

போலிஷ் பேசும் இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னமும் யாராவது அதிகாரமாக எதையாவது நீட்டச் சொன்னால் நீட்டிவிடுகிறேன், பாஸ்போர்ட்டானாலும் கையானாலும்.

"ஐயா, நான் டிராமுக்கு நிக்கிறேன்."

"டிராம் வந்தா ஏறிப் போ. வர்ற வரைக்கும் வரிசை வரிசைதான். கணக்கெடுக்கறப்ப ஆள் இல்லேன்னா கோடு போட்டு எண்ணை அடிச்சிருவேன், அவ்வளவுதான்."

டிராம் வந்தது, போய்விட்டேன். என் எண்ணை அடித்திருப்பார். அவர் யார், அந்த வயதில் இளவட்டங்களின் பாட்டுக் கச்சேரி வாசலில் அவருக்கு என்ன வேலை, எதுவும் கேட்கவில்லை. அதனால் இனிமேல் வருவதெல்லாம் நானாகக் கட்டியது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் போனில் பேசிப் பேசி எழுதுகிறேன். முதல் வாசகி விருதுநகரில் இருக்கும் என் அக்கா. அவள் பதிலுக்குப் பேசி அனுப்புவதில் தேவையானதை மட்டும் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன். திட்டுகளை எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் அல்ல.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

பால்டிக் கடலிலிருந்து வீசிய காற்றில் க்டான்ஸ்க் நகரத்தின் செங்கல் கோபுரங்கள் ஈரமாக, எதையோ நினைத்துக்கொண்டு

(அக்கா: "டேய், கோபுரம் நினைக்கறது கிடக்கட்டும். யாரு, என்ன பிரச்சனை, அத மொதல்ல சொல்லு. எனக்கு அடுப்புல குழம்பு இருக்கு.")

இரண்டாவது தொடக்கம்:

யகோடா காரில் காதில் ஒலிவாங்கி

ஒலிவாங்கி வாயருகே வைப்பது. காதில் மாட்டுவது ஹெட்போன். அந்த வாக்கியத்தை அப்படியே சாலையோரம் விட்டுவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம் அக்காவின் குழம்புக்குப் பயந்து செய்தது. அதுதான் நின்றது.

3

யகோடாவுக்கு இருபத்தொன்பது வயது. தொருன் நகரத்தில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். பள்ளிக்கூட நாளிலிருந்து 'நனைந்த தீக்குச்சி' என்ற இசைக்குழுவின்மேல் பைத்தியம். ரேடியோவில் அதிகம் வராத குழு. ஆனால் கச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லாப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடுவார்கள். அந்த வசந்தத்தில் குழு நாலு ஊர்களுக்குப் போவதாக இருந்தது: க்டான்ஸ்க், போஸ்னான், வ்ரோத்ஸ்வாவ், கடைசியாகக் கிராக்கூவ். நாலுக்கும் போவதென்று யகோடா முடிவு செய்தாள்.

அவளுக்குள் ஒரு சேதி இருந்தது. நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் மருத்துவமனை வேலை கிடைத்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாள், ஆகஸ்டில் போக வேண்டும். அப்பாவிடம் சொல்லவில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணம் அம்மா. யகோடா சின்னவளாக இருந்தபோது அம்மா ஜெர்மனிக்குப் போனாள், ஹானோவரில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. "மூணு மாசம்தான்" என்றாள். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. அங்கேயே வேறொருவரோடு குடும்பமாகிவிட்டாள். அப்பா ஸெனான் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. ஆனால் வீட்டில் யாரும் 'மூணு மாசம்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ஃபிரிட்ஜ் உத்தரவாதத்தைக்கூட 'தொண்ணூறு நாள்' என்றுதான் சொல்வார்.

ஸெனான் தபால் நிலைய ஜன்னலில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஊர் சுற்றிப் பார்ப்பதில் அலாதி ஆசை. கச்சேரி விஷயம் தெரிந்ததும் சூப்பில் ரொட்டியை முக்கிக்கொண்டே சொன்னார்:

"நாலு ஊரா? காரை நான் ஓட்டறேன்."

"அப்பா, அது உங்களுக்குப் பிடிக்காது. ஒரே சத்தம்."

"நான் ஏன் உள்ள வர்றேன்? ஊருக்கு ஒரு காலை எனக்குக் குடு. சதுக்கம், நகர்மன்றம், ஒரு சர்ச்சு, ஒரு சூப்பு. மத்தியானத்துக்கு மேல நீ உன் தீக்குச்சியோட போ."

நாலு ஊர், நாலு காலை. ஏதாவது ஒன்றில் சொல்லிவிடலாம் என்று யகோடா ஒத்துக்கொண்டாள்.

* ஒரு சின்னக் குறிப்பு: காரில் அவள் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பாள். "அதே பாட்டை இன்னும் எத்தனை தடவைதான் கேப்ப?" என்பார் அப்பா. அவள் கேட்டுக்கொண்டிருந்தது நார்வே மொழிப் பாடம். உதடு அசைவதைப் பார்த்து, பாடுகிறாள் என்று அவர் நினைத்தார்.

4

க்டான்ஸ்கில் முதல் காலையே ஒப்பந்தம் உடைந்தது. மேடைக்கு முன்னால் கம்பித் தடுப்பு ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்காக ரசிகர்கள் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள் என்பதை யகோடா அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை.

"நீங்க கோபுரம் ஏறிப் பாத்துட்டு வாங்கப்பா. நான் இங்க இடம் பிடிக்கணும்."

ஸெனான் தனியாகப் போனார். கோபுரம் ஏறினார், துறைமுகத்துப் பழைய பாரந்தூக்கியைப் பார்த்தார், அம்பர் நகைக் கடைகளில் விலை கேட்டு அதிர்ச்சியடைந்தார். மத்தியானம் தெர்மாஸில் எலுமிச்சை போட்ட டீயும் முட்டை ரொட்டியும் எடுத்துக்கொண்டு மகளைத் தேடி வந்தவர், அரங்கத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

அங்கே வரிசை என்ற பெயரில் ஒரு மூட்டை கிடந்தது. தள்ளுகிறார்கள், முட்டுகிறார்கள். ஒரு வேனில் வந்து இறங்கிய கும்பல், "எங்க ஆளு முன்னாடி நிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு நேரே முன்னால் போய்ச் செருகிக்கொண்டது. யாரோ ஒருத்தியின் செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது.

"இங்க யாருங்க கமிட்டி?" என்றார் ஸெனான்.

எல்லாரும் திரும்பினார்கள். "என்ன கமிட்டி?"

"வரிசைக் கமிட்டி."

பச்சை நிறத்தில் தலைமுடி வைத்திருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவள் பெயர் ரொக்ஸானா. "தாத்தா, இது கச்சேரி. வாஷிங் மெஷின் கடை இல்ல."

"வாஷிங் மெஷினுக்கு நான் மூணு வாரம் நின்னேன். பனியில. நீ பொறக்கறதுக்கு முன்னாடி, கடையில சாமானே கிடைக்காத காலத்துல. பட்டியல் போட்டு, ரெண்டு மணிக்கு ஒருக்க பேர் கூப்பிட்டு, கடைசில ஒருத்தன் சட்டையும் கிழியாம வாங்கிட்டுப் போனோம். நீங்க ஒரு பாட்டுக்கு இப்படி முட்டிக்கிறீங்க."

"மெஷின் நல்லா ஓடிச்சா?"

"இன்னும் ஓடுது."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. ஸெனான் ஜாக்கெட் பையிலிருந்து மார்க்கரை எடுத்தார். (அட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். முப்பது வருஷம் தபால் நிலையத்தில் இருந்தவர் அட்டை இல்லாமல் கோபுரம் ஏறமாட்டார்.) யார் முதலில் வந்தது, யார் பார்த்தது என்று விசாரித்து வரிசையைக் கட்டி, ஒவ்வொருவர் புறங்கையிலும் எண்ணை எழுதினார். கமிட்டியும் நிற்க வேண்டும் என்பது பழைய சட்டம் என்று தனக்கு முதல் எண்ணைப் போட்டுக்கொண்டார். உண்மையிலேயே விடியலில் முதலாக வந்திருந்த யகோடாவுக்கு இரண்டு. வேன் கும்பல் கடைசிக்குப் போனது. சட்டங்களை உரக்கச் சொன்னார்: ரெண்டு மணிக்கு ஒரு கணக்கெடுப்பு. கூப்பிடும்போது ஆள் இருக்கணும். இல்லையென்றால் எண் அடிக்கப்படும், கடைசிக்குப் போய்ப் புது எண். ஒருத்தர் எண்ணை இன்னொருத்தருக்குத் தர முடியாது.

யகோடாவுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் சாயங்காலம் கதவு திறந்தபோது, ஒருவர் தோளில் ஒருவர் இடிக்காமல், எண் எண்ணாக உள்ளே போனார்கள். காவலாளி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வரலையாப்பா? முதல் எண் உங்களோடது."

"எனக்குச் சத்தம் ஆகாது. வரிசையோட என் வேலை முடிஞ்சுது." காருக்குத் திரும்பிவிட்டார்.

5

போஸ்னானில் அவர்கள் காரிலிருந்து இறங்கியதும் "தலைவர் வந்தாச்சு!" என்று கத்தினார்கள். ரசிகர்களின் குழுமத்தில் அவருடைய படம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஸெனானுக்கு ஒரு மடக்கு நாற்காலி தயாராக இருந்தது. "உக்காருங்க தலைவரே." "தலைவர் நின்னுகிட்டேதான் கணக்கெடுக்கணும்." "அப்ப காபியாவது குடிங்க தலைவரே." காபியை வாங்கிக்கொண்டார்.

போஸ்னான் நகர்மன்றக் கடிகாரத்துக்கு மேலே, நடுமத்தியானத்தில் இரண்டு தகரக் கிடாக்கள் வெளியே வந்து கொம்போடு கொம்பு முட்டும். அதைப் பார்க்க வேண்டுமென்று குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஸெனான்.

"நீ போய்ப் பாத்துட்டு வா," என்றார் மகளிடம். "ஒரு மணிக் கணக்கெடுப்புக்கு வந்துரு. என்னால பட்டியலை விட்டுட்டு நகர முடியாது."

யகோடா தனியாகப் போனாள். சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கிடாக்கள் முட்டின, குழந்தைகள் கைதட்டினார்கள். படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். 'நல்லா முட்டுச்சா?' என்று பதில் வந்தது. அதைப் படித்தபோது அவளுக்குள் ஒரு பாரம் கொஞ்சம் இறங்கியது. இவருக்கு ஆள் இருக்கிறது. இவர் ஊரில் தனியாக இருக்க மாட்டார். நான் போனாலும் இவரைத் தலைவரே என்று கூப்பிட

இந்த வாக்கியத்தை இங்கேயே நிறுத்துகிறேன். யகோடா தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள இதைச் சொல்கிறாளா, நான் அவளைச் சுலபமாக விமானம் ஏற்றிவிட இதைச் சொல்கிறேனா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கச்சேரிக் கூட்டம் நாலு ஊரோடு கலைந்துவிடும். அப்புறம் அந்தச் சமையலறையில் ஒரு தட்டுதான்.

6

(அக்கா: "இவ்ளோ நல்ல மனுஷனாடா? எனக்கு நம்பிக்கை இல்ல. நம்ம ரேஷன் கடையில வரிசையை ஒழுங்கு பண்ற மாமா ஒருத்தரு இருப்பாரே, எல்லாரும் அவரத் திட்டுவாங்கல்ல?")

அக்கா சொல்வது சரி. ஸெனானை நான் ரொம்பக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். சட்டம் பிடிக்கிற ஆளிடம் ஒரு கல் இருக்கும். வ்ரோத்ஸ்வாவில் அந்தக் கல் வெளியே வந்தது.

அந்த ஊரில் தெருவெங்கும் சாணளவு வெண்கலக் குள்ளர்கள் ஒளிந்திருப்பார்கள். தேடித் தேடிப் பார்ப்பது ஒரு விளையாட்டு. யகோடா அப்பாவுக்காகத் தேடி, படம் எடுத்து, கணக்கெடுப்புக்குச் சரியாக வந்து நின்றாள். "எண் ரெண்டு!" "இருக்கேன்!" பத்தாவது எண்ணுக்குப் பதில் வரவில்லை. அது ரொக்ஸானா. ஸெனான் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அடித்தார், அடுத்த எண்ணுக்குப் போனார். பட்டியல் முடிவதற்குள் அவள் ஓடி வந்தாள், கையில் மருந்துக்கடைப் பை.

"தலைவரே, மூச்சு முட்டிச்சு. மருந்து தீந்து போச்சு. அதான் கடைக்கு..."

"பக்கத்துல யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"மூச்சு முட்டறப்ப எப்படிங்க சொல்றது?"

கூட்டம் முணுமுணுத்தது. "விடுங்க தலைவரே, பாவம்." ஸெனான் அவள் கையைப் பிடித்து, பத்தின் மேல் ஒரு கோடு போட்டு, கீழே புது எண்ணை எழுதினார். ரொக்ஸானா அழுதுகொண்டே கடைசிக்குப் போனாள். அன்று இரவு அவள் பார்த்தது முழுக்க அடுத்தவர்களின் பிடரிதான்.

மறுநாள் கிராக்கூவுக்குப் போகும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். இரண்டு ஹாட் டாக் வாங்கி, காரின் மேல் சாய்ந்துகொண்டு தின்றார்கள்.

"உங்களுக்கு மனசே இல்லையாப்பா? அந்தப் பொண்ணுக்கு மூச்சு விட முடியல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மனசு பாத்து ஒருத்திய விட்டா, அடுத்தவன் கதையையும் கேக்கணும். எல்லார்கிட்டயும் ஒரு கதை இருக்கும்மா. கடைசில நல்லாக் கதை சொல்றவன் முன்னாடி நிப்பான்." கடுகுச் சாந்தைத் துடைத்துக்கொண்டார். "ராத்திரி தூங்கல, அது வேற."

யகோடா மெல்லுவதை நிறுத்தினாள். இதுதான் நேரம் என்று தோன்றியது. மிச்சம் ஒரே ஊர்தான்.

"அப்பா, ஆகஸ்ட்ல நான்..."

"ஆகஸ்ட்ல ஸமோஷ்ச் போலாம்," என்றார் ஸெனான். "அங்க ஒரு சதுக்கம் இருக்கு பாரு, படிக்கட்டு ரெண்டு பக்கமும் விசிறி மாதிரி இறங்கும். ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன். நீ லீவு மட்டும் போட்டுரு."

அவள் வாயில் இருந்த வாக்கியத்தை ஹாட் டாக்கோடு சேர்த்து விழுங்கினாள்.

7

கிராக்கூவ் வந்துவிட்டது. இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சர்ச்சுக் கோபுரத்திலிருந்து மணிக்கொருமுறை ஊதுகிற எக்காளத்தை எழுதுவார்கள். பாட்டு பாதியிலேயே அறுந்து நிற்கும். கதையை அதோடு முடித்தால் முடிவில்லாத முடிவு தானாகவே அமைந்துவிடும், கைதட்டலும் கிடைக்கும். நான் இந்த ஊரில் குடியிருக்கிறேன், ஜன்னலை மூடினால்தான் அந்த எக்காளத்துக்கு நடுவில் போனில் பேசவே முடிகிறது. அதனால் அதைச் செய்யமாட்டேன்.

காலையில் ஸெனான் வழக்கம்போல் மகளை அனுப்பினார். "கோஷ்ச்யுஷ்கோ மேட்டுக்குப் போய்ட்டு வா. சுத்திச் சுத்தி மேல ஏறணும். ஊரே தெரியும்பாங்க. எனக்குப் பதிலா நல்லாப் பாரு."

யகோடா ஏறினாள். புல் மூடிய மேடு, காற்று, கீழே ஊர் முழுக்க. அவள் ஊரைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் சொல்லப் போவதை ஒத்திகை பார்த்தாள். போலிஷ் மொழியில் சொல்லிப் பார்த்தாள், முதல் வரியிலேயே நின்றது. நார்வே மொழியில் சொல்லிப் பார்த்தாள், தண்ணீராக வந்தது. 'என் பெயர் யகோடா. நான் ஆகஸ்டில் இங்கே வருகிறேன். எனக்கு மகிழ்ச்சி.' பாடத்தில் படித்த மூன்று வரி. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

அடித்துப் பிடித்து இறங்கி வந்து டிராம் பிடித்தாள். அரங்கம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் டிராம் நின்றுவிட்டது. தண்டவாளத்தின்மேல் யாரோ காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஓட்டுநர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்.

"கதவத் திறங்க, நான் இறங்கிக்கிறேன்."

"நிறுத்தத்துலதான் திறப்பேன்."

"அதோ தெரியுதே, அதுதான் என் வரிசை!"

"தெரியட்டும். சட்டம் சட்டம்தான்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா தெரிந்தார். அட்டையைக் கையில் பிடித்து நின்றார். அவர் வாய் அசைந்தது. ஒன்று, தனக்குத்தானே. மறுபடி அசைந்தது. இரண்டு. யகோடா கண்ணாடியைத் தட்டினாள், போன் செய்தாள். கணக்கெடுப்பின்போது அவர் போனைத் தொடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் நிமிர்ந்து இடமும் வலமும் பார்ப்பதை அவள் பார்த்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டார். யாரையும் இரண்டாவது தடவை கூப்பிட்டதே இல்லை அவர். முன்வரிசையில் பச்சைத் தலை ஒன்று தெரிந்தது. ரொக்ஸானா முந்தின ராத்திரியே, இவர்களுக்கு அடுத்த ஆளாக வந்து, மூன்றாவது எண் வாங்கியிருந்தாள். அவள் ஸெனானையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸெனானும் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு கோடு போட்டார்.

காரை நிறுத்தியவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே வந்து எடுத்தான். டிராம் நகர்ந்தது. யகோடா ஓடி வந்து அப்பா முன்னால் நின்றாள்.

"அப்பா, டிராம் நின்னுடுச்சு. நான் பாத்துட்டேதான் இருந்தேன், நீங்க கூப்பிட்டதை!"

"எண்?"

"ரெண்டு."

"ரெண்டு அடிச்சாச்சு."

"தலைவரே, உங்க சொந்தப் பொண்ணு!" என்றது கூட்டம். "அவ முதல் ஊர்லேர்ந்து தடுப்புக் கம்பியில நிக்கிறா. இன்னிக்குக் கடைசி ராத்திரி. நாங்க ஒத்துக்கறோம், விடுங்க!"

ரொக்ஸானா மட்டும் ஒத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ஸெனான் மகளை அழைத்துக்கொண்டு கடைசிக்கு நடந்தார். வரிசை டிராம் நிறுத்தம் வரைக்கும் போயிருந்தது. அங்கே அவள் கையைப் பிடித்து, இரண்டின் மேல் கோடு போட்டார். கீழே புது எண்ணை எழுதத் தொடங்கினார். அவளுடைய கை அப்பாவின் கைக்குள் இருந்தது. கடைசியாக எப்போது இவ்வளவு நேரம் அப்படி இருந்ததோ. அவர் தலை குனிந்திருந்தது, முகம் தெரியவில்லை. முகம் தெரியாததால் வாய் திறந்துகொண்டது.

"அப்பா, நான் ஆகஸ்ட்ல பெர்கன் போறேன். நார்வே. ஆஸ்பத்திரி வேலை. கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஒன்று, எட்டு வரைக்கும் எழுதியிருந்தார். மார்க்கர் எட்டின் மேலேயே நின்றது. மை பரவி, எட்டின் கீழ்க்கண் அடைத்துக்கொண்டது.

"எத்தனை மாசம்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை நாள் பயந்தது. "மாசக் கணக்கு இல்லப்பா."

அவர் ஏழு போட்டு எண்ணை முடித்தார். மூடியை மாட்டினார், அது சரியாக மாட்டியதா என்று பார்த்தார்.

"நாலு மணிக்குக் கணக்கெடுப்பு," என்றார். "இரு." முன்னால் போய்விட்டார்.

8

இங்கே ஒரு வாரம் நின்றுவிட்டேன். அலுவலகத்துக்கு நடக்கும்போதெல்லாம் யகோடா என் பக்கத்திலேயே அந்த வரிசைக் கடைசியில் நின்றாள். பேசமாட்டேன் என்கிறாள்.

முடிவு அ. (அக்காவுடையது.) "உள்ள போனா பட்டியல் கிடையாதுல்ல? அப்ப அந்த ஆளு முதல் ஆளா உள்ள போயி, கம்பியைப் பிடிச்சிட்டு, ரெண்டு முழங்கையையும் விரிச்சுட்டு நிக்கட்டும். பொண்ணு கூட்டத்தைப் பொளந்துட்டு வரட்டும். 'தலைவர் பொண்ணுக்கு வழி விடுங்க'ன்னு எல்லாரும் விடட்டும். பாட்டு ஆரம்பிக்கட்டும். முடிஞ்சுது. ஏன்டா இழுக்கற?"

எனக்கும் கண் கலங்கியது. ஆனால் முழங்கையை விரித்து இடம் பிடிக்கிற ஸெனான் ஸெனான் இல்லை. அப்படிப்பட்டவர் அன்று மகளின் எண்மேல் கோடும் போட்டிருக்க மாட்டார்.

முடிவு ஆ. (என்னுடையது.) அவர் உள்ளே வரவில்லை. கச்சேரி முடிந்து இருவரும் பேசாமல் தொருனுக்குக் கிளம்புகிறார்கள். மழை. வைப்பர் இடதும் வலதுமாக

(அக்கா: "வைப்பர் வேணாம்.")

சரி.

முடிவு இ. ஆகஸ்ட், விமான நிலையம், பாதுகாப்புச் சோதனைக்கு நீண்ட வரிசை. அங்கே ஸெனான்

வேண்டாம். அழகாக இருக்கிறது, அதனாலேயே வேண்டாம்.

(அக்கா: "கதை கிடக்கட்டும். நீ எப்படா வர்ற? அப்பா கேட்டுட்டே இருக்காரு.")

அந்தக் கேள்விக்கு இந்தக் கதையில் இடம் இல்லை. அடுத்த பகுதிக்குப் போகலாம்.

9

நாலு மணி ஆனது. வரிசையின் முன்னாலிருந்து குரல் வந்தது. அது ஸெனானின் குரல் இல்லை.

"எண் ஒண்ணு!"

ரொக்ஸானாதான். அவள் கையில் அட்டை. புதுப் பொறுப்பில் குரல் கீச்சிட்டது.

"எண் ஒண்ணு! தலைவரே! எங்க போனீங்க?"

"ஒண்ணு இங்க இல்ல!" என்று எங்கிருந்தோ ஸெனான் கத்தினார். "அடி! யோசிக்காத, அடி!"

யகோடா எட்டிப் பார்த்தாள். அப்பா வரிசையை ஒட்டி, பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தெர்மாஸ், தோளில் பை. வழியெல்லாம் ஆட்கள் இழுத்தார்கள். "இங்க நில்லுங்க தலைவரே." "நமக்கு நடுவுல வாங்க, யாரு கேக்கப் போறா?" "நான் தலைவர் இல்ல, கமிட்டியை விட்டாச்சு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். யகோடாவைத் தாண்டியும் போனார். அவளுக்குப் பின்னால் இரண்டு மாணவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். சூரியகாந்தி விதையைக் கொரித்துத் தோலைக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் போய் நின்றார்.

"ஐயா, அது உங்க பொண்ணா? இடம் மாத்திக்கலாம், எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"உங்க இடம் உங்களுக்கு."

மாணவர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டு கொரிப்பைத் தொடர்ந்தார்கள். யகோடா திரும்பி நின்றாள். இருவருக்கும் நடுவே இரண்டு அந்நியத் தலைகள்.

"அப்பா, சத்தம் உங்களுக்கு ஆகாதே."

"பின்னாடி அவ்வளவா கேக்காதாம். ரொக்ஸானா சொன்னா. அவதான் வ்ரோத்ஸ்வாவ்ல பின்னாடி நின்னவ, அவளுக்குத் தெரியும்." தெர்மாஸைத் திறந்தார், மூடினார். "அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அட்டையக் குடுன்னா. குடுத்துட்டேன்."

"அப்பா, நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

கொரிப்பது நின்றது. மாணவர்கள் இருவரும் தங்களுக்குச் சம்பந்தமில்லாத மாதிரி வானத்தைப் பார்த்தார்கள்.

"உங்கம்மா போறப்ப," என்றார் ஸெனான். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யகோடா கேட்டதே இல்லை. "எப்ப வருவேன்னு மட்டும்தான் கேட்டேன். தினமும் போன்ல அதையே கேட்டேன். வேற ஒண்ணுமே கேக்கல. அந்த ஊரு எப்படி இருக்குன்னுகூடக் கேக்கல."

தூரத்தில் ரொக்ஸானா ஐம்பதைத் தாண்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸெனான் மூக்கை உறிஞ்சினார், ஜாக்கெட் காலரை இழுத்துவிட்டார், இரண்டு மாணவர்களின் தலைகளுக்கு மேலாக மகளைப் பார்த்தார்.

"சரி, அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"எங்க, அப்பா?"

"அதான். பெர்கன்ல."

மாணவர்களும் இப்போது யகோடாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

அவளுக்கு அந்த மருத்துவமனையின் எந்த மாடியில் டயாலிசிஸ் என்று தெரியும். வாடகை தெரியும். பேருந்து எண் தெரியும். ஒரு வருஷமாக ராத்திரி ராத்திரி அந்த ஊருக்காகப் படித்திருக்கிறாள். ஆனால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை.

நானும் பெர்கன் போனதில்லை. மழை அதிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மழையைப் பார்க்க ஸெனான் அவ்வளவு தூரம் வரமாட்டார். இந்த இடத்தில் எனக்குக் கை கொடுக்க ஆளில்லை. அக்கா விருதுநகரை விட்டுத் திருச்செந்தூர்வரை போயிருக்கிறாள், அவ்வளவுதான். ஆகவே உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் அந்த ஊருக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஏதாவது ஒன்று சொல்லுங்கள், ஒரு காலைப் பொழுதுக்கு ஆகிற மாதிரி. கொஞ்சம் ஏறிப் போய்ப் பார்க்கிறதாக இருந்தால் அவருக்குப் பிடிக்கும். பக்கத்தில் சூப்புக் கிடைத்தால் இன்னும் நல்லது.

அவர் கேட்டுவிட்டு நிற்கிறார்.